12 மணி நேரமும் அதன் மறுபாதியும்

எங்களிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். 8 மணி நேர ஷிஃப்டிலேயே இருக்கிறீர்களா, 12 மணி நேரத்துக்கு மாறுகிறீர்களா? மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது, மாதக் கடைசிக்குள் குறித்துக் கொடுக்கச் சொன்னார்கள். நாங்கள் யோசித்ததைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். காப்பிக்கடையில், உடைமாற்றும் அறையில், வாட்ஸ்அப்பில், விடியற்காலை மூன்று மணிக்கு கேட் பக்கத்தில் நின்றுகொண்டு என்று எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. பத்து வருடம் ஒன்றாக வேலை பார்த்த இரண்டு பேர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தத் தாளில் நான் எந்தப் பக்கம் குறித்தேன், இன்றைக்கு அதைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனத்தில் கிடக்கிறது.

நான் துணைக் காவல் அதிகாரி. ஆக்ஸிலரி போலிஸ் என்றால்தான் இங்கே சிங்கப்பூரில் சட்டென்று புரியும். வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்களை நியமிப்பது காவல்துறைச் சட்டத்தின் கீழ், சம்பளம் கொடுப்பது ஒரு நிறுவனம். பணியில் இருக்கும்போது போலிஸுக்குரிய அதிகாரம் உண்டு, பலருக்கு இடுப்பில் ரிவால்வரும் உண்டு. உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில், விமான நிலையத்தில், பணம் ஏற்றிப் போகும் வண்டியில், திருவிழாக் கூட்டத்தில் எங்களைப் பார்த்திருப்பீர்கள். நான் எந்த இடத்தில் நிற்கிறேன் என்பதைச் சொல்லக்கூடாது, நிறுவனத்தின் பெயரும் இங்கே தேவையில்லை. பதினான்கு வருட சர்வீஸ், சார்ஜண்ட், ஈசூனில் வீடு, பாலிடெக்னிக்கில் தாதிமை படிக்கும் ஒரு மகள், தொடக்கநிலை ஆறில் ஒரு மகன். இவ்வளவு போதும்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் சண்டையில் பாதி கணக்குத் தெரியாமல் வந்தது. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். இடம் ஒரு நிமிடம்கூடக் காலியாக இருக்கக்கூடாது. நான்கு குழு இருந்தால் ஆளுக்கு 42 மணி நேரம். 8 ஆகப் பிரித்தாலும் 42, 12 ஆகப் பிரித்தாலும் 42. பழைய ரோஸ்டரில் இரண்டு நாள் காலை, இரண்டு நாள் மதியம், இரண்டு நாள் இரவு, அப்புறம் இரண்டு நாள் ஆஃப் என்று எட்டு நாளுக்கு ஒரு சுற்று. புதிய ரோஸ்டரில் ஒரு பகல், ஒரு இரவு, இரண்டு ஆஃப், அவ்வளவுதான், நான்கு நாளில் சுற்று முடிந்துவிடும். நீண்ட ஷிஃப்ட் வந்தால் அதிகமாக வேலை வாங்கப் போகிறார்கள் என்று சிலர் பயந்தார்கள், அது சரியில்லை. மாறுவது வேறு. பழைய முறையில் வருடத்துக்கு 273 நாள் சீருடை போட வேண்டும். புதிய முறையில் 182 நாள். 91 நாள் குறைகிறது.

இந்த 91 என்ற எண்ணுக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தவர் எங்கள் தெப்ராவ் அண்ணன். எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூரில் தெப்ராவ் பக்கம் வீடு, அதனால் எல்லாருக்கும் அந்தப் பெயர்தான். எங்கள் வேலையில் மலேசியர்கள் நிறையப் பேர், அதிலும் தமிழர்கள் நிறைய. தினமும் மோட்டார் சைக்கிளில், ஜோகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் காஸ்வேயைக் கடந்து வருகிறவர்கள். அந்தப் பாலம் ஒரு கிலோமீட்டர்தான், 1924இல் திறந்தது, நடந்தால் கால் மணி நேரத்தில் அக்கரைக்குப் போய்விடலாம். ஆனால் காலை ஏழு மணி ஷிஃப்டுக்கு வருகிற ஒருவர் மூன்றரைக்கு எழுந்திருக்க வேண்டும். நான்கரைக்கெல்லாம் பைக் வரிசை நின்றுவிடும், ஹெல்மெட்டோடு, புகையோடு, மழை பெய்தால் மழையோடு. நல்ல நாளில் வீட்டிலிருந்து வேலையிடத்துக்கு ஒன்றரை மணி நேரம், மோசமான நாளில் இரண்டரை.

"தங்கச்சி, எனக்கு வேலை கஷ்டமே இல்ல. எட்டு மணி நேரமோ பன்னெண்டு மணி நேரமோ நின்னுட்டுப் போறேன். இந்த ஜாம்தான் ஆளைத் தின்னுது" என்றார். நான் ஒரு நாப்கின் தாளில் போட்டுக் காட்டினேன். போக இரண்டு, வர இரண்டு என்று வைத்தால் 91 நாளுக்கு 364 மணி நேரம். பதினைந்து முழு நாள், இரவும் பகலுமாக. அந்தத் தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். அடுத்த ஒரு மாதம் எதிர்த்துப் பேசுகிற எல்லாரிடமும் அதை எடுத்து நீட்டினார்.

ஜோகூர் பாருவையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் 2026 இறுதிக்குள் ஓடத் தொடங்கும் என்று சொல்லியிருக்கிறார்கள், ஐந்து நிமிடப் பயணம், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் போகலாமாம். வரட்டும், நல்லதுதான். ஆனால் விடியற்காலை ஷிஃப்டுக்காரரின் வீட்டு வாசலில் ரயில் வந்து நிற்காது, பைக்கை விட்டுவிட முடியாதவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

நானும் 12 பக்கம்தான் இருந்தேன். என் காரணம் வேறு. எட்டு மணி நேர ஷிஃப்டில் காலை ஷிஃப்டும் இரவு ஷிஃப்டும் ஒன்றும் செய்யாது, மதிய ஷிஃப்ட்தான் குடும்பத்தைக் கெடுப்பது. மூன்றிலிருந்து பதினொன்று. மகன் பள்ளி விட்டு வரும்போது நான் சீருடையில் வாசலில் நிற்பேன். அவன் தூங்கின பிறகு வருவேன். காலையில் அவன் கிளம்பும்போது நான் தூக்கக் கலக்கத்தில் இருப்பேன். "சாப்பிட்டியா, வீட்டுப்பாடம் முடிச்சியா" என்று குளிர்சாதனப்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டி வைத்துவிட்டுப் போவேன், அவன் கீழே டிக் போட்டு வைத்திருப்பான். தொடக்கநிலை இரண்டிலும் மூன்றிலும் மதிய ஷிஃப்ட் நாட்களில் நாங்கள் பேசிக்கொண்டது அப்படித்தான். 12 மணி நேரத்தில் வேலை நாள் முழுதாகப் போய்விடும், அது தெரிந்ததுதான். காலை ஆறு மணிக்கு முன் கிளம்பி இரவு எட்டரைக்கு வருவேன். ஆனால் ஆஃப் நாள் முழுதாக என் கையில் இருக்கும். பாதி பாதியாக ஆறு நாள் பார்ப்பதைவிட, முழுசாக இரண்டு நாள் பார்க்கலாமே என்றுதான் என் மனம் போனது.

இன்னொரு வசதியும் இருக்கிறது, சொல்லாமல் விடக்கூடாது. நான்கு நாள் சுற்று என்பதால் வருகிற வருடம் தீபாவளி அன்று பகலா, இரவா, ஆஃபா என்று இன்றைக்கே விரல்விட்டு எண்ணிவிடலாம். என் கணவர் முதல் நாளே நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு ஐந்து வருடத்துக்கு எண்ணிப் பார்த்தார்.

எதிர்த்தவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவர்கள் சொன்னதில்தான் பிறகு நிறைய உண்மை தெரிந்தது. ஐம்பத்தாறு வயது மலாய்க்காரர் ஒருவர், நாங்கள் அபாங் என்று கூப்பிடுவோம், மலாயில் அண்ணன் என்று அர்த்தம். முட்டி தேய்ந்துபோனவர். உடுப்புக்கு மேல் கவசம், இடுப்புப் பட்டையில் ரிவால்வர், தடி, விலங்கு, வாக்கி. எட்டாவது மணி நேரத்தில் உடம்பு எங்கே இருக்கிறதோ பன்னிரண்டாவது மணி நேரத்தில் அங்கே இருக்காது என்றார். கடைசி நான்கு மணி நேரம் நீங்கள் நினைக்கிற நான்கு மணி நேரம் இல்லை, அது வேறு வகை நேரம் என்று மலாயில் சொன்னார். நோன்பு மாதத்தைப் பற்றியும் அவர்தான் முதலில் கேட்டார். சிங்கப்பூரில் வருடம் முழுக்க சூரியன் மறைவது ஏழு மணியை ஒட்டித்தான். ஷிஃப்ட் மாறுகிற நேரமும் ஏழு. வருகிறவர் நோன்பு திறக்கும் நேரத்தில் ஆயுதக் கிடங்கு வரிசையில் நிற்பார், போகிறவர் ரயிலில் இருப்பார். பழைய முறையில் மதிய ஷிஃப்டில் இருந்தாலும் முக்கால் மணி நேரம் ரிலீஃப், அதாவது மாற்று ஆள், கொடுத்து உட்கார்ந்து சாப்பிட முடிந்தது. இதை நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை, எனக்கு வெட்கமாக இருந்தது. கடைசியில் நோன்பு மாதத்துக்கு மட்டும் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தை ஏழிலிருந்து எட்டு மணிக்கு மாற்றிக்கொள்வது என்று பேசி முடித்தோம். அந்த ஒரு விஷயத்தில் எங்கள் குழு நன்றாக நடந்துகொண்டது.

பிள்ளை பெற்று ஏழு மாதம் ஆன ஒரு பெண் இருந்தாள். அவள் ஒன்றும் அதிகம் பேசவில்லை. "எட்டு மணி நேரத்துல ரெண்டு தடவை பால் எடுக்கணும் கா, பன்னெண்டுன்னா மூணு தடவை. மூணு தடவை ரிலீஃப் யாரு தருவா?" என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்ல ஆளில்லை. இளவட்டப் பையன்கள் இரண்டு பேர் எதிர்த்தது ஓடிக்காக, அதாவது ஓவர்டைம் வேலைக்காக. எட்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் முடிந்த பிறகு நான்கு மணி நேரம் கூட நின்று கூடுதல் சம்பளம் பார்க்கலாம். ஷிஃப்டே 12 என்றால் அன்றைக்கு ஓடி கிடையாது. அப்படியானால் ஓடி எங்கிருந்து வரும்? ஆஃப் நாளிலிருந்துதான் வரும். அந்தப் பையன்கள் பணத்தை நினைத்துக் கேட்ட இந்தக் கேள்விதான் இந்த விவகாரத்தின் ஆணிவேர் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

என் மகள் இந்தச் சண்டையைக் கேட்டுவிட்டு, படிப்புக்காக வைத்திருந்த கட்டுரைகளைத் தேடி எனக்குப் படித்துக் காட்டினாள். மருத்துவமனைத் தாதியருக்கும் இதே பிரச்சினைதானே. அமெரிக்காவில் போலிஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இதையே சோதனையாகச் செய்து 2011இல் வெளியிட்டிருக்கிறது. டெட்ராய்ட்டிலும் டெக்ஸஸ் மாநிலத்து ஆர்லிங்டனிலும் போலிஸ்காரர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, 8, 10, 12 மணி நேரம் என்று ஆறு மாதம் வேலை பார்க்க வைத்தார்கள். வேலைத் தரத்திலோ பாதுகாப்பிலோ மூன்று கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் 10 மணி நேரக்காரர்கள் 8 மணி நேரக்காரர்களைவிட இரவுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கினார்கள். 8 மணி நேரக்காரர்கள் 10 மணி நேரக்காரர்களைப் போல ஐந்து மடங்குக்கு மேல் ஓடி பார்த்தார்கள். 12 மணி நேரக்காரர்களுக்கு வேலையில் தூக்கக் கலக்கம் அதிகம், விழிப்பு குறைவு. தன் களைப்பை மனிதன் குறைத்துத்தான் மதிப்பிடுவான், அதனால் 12 விஷயத்தில் கவனமாக இருங்கள் என்று ஆய்வாளர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் 10 மணி நேரம் கேட்கலாமே என்று ஓடினேன். எங்கள் திட்டமிடும் அதிகாரி பொறுமையான மனிதர், பென்சிலை எடுத்தார். 24ஐ 8ஆல் வகுக்கலாம், 12ஆல் வகுக்கலாம், 10ஆல் வகுக்க முடியாது. மூன்று பத்து மணி நேர ஷிஃப்ட் போட்டால் 30 மணி நேரம், ஆறு மணி நேரம் இரண்டு குழு ஒரே இடத்தில் நிற்கும். ரோந்து போகிற போலிஸுக்கு அது நல்லது, கூட்டம் அதிகமான நேரத்தில் இரட்டிப்பு ஆள் கிடைக்கும். கேட்டைக் காக்கிறவர்களுக்கு அது வீண், அதோடு கால்வாசி ஆள் கூடுதலாக வேண்டும். ஆளுக்கு எங்கே போவது? லிட்டில் இந்தியா கலவரம் பற்றிய விசாரணைக் குழு முன் 2014இல் அப்போதைய காவல்துறை ஆணையர் இங் ஜூ ஹீ, படைக்கு இன்னும் 1,000 அதிகாரிகள் வேண்டும் என்று சொன்னார். அரசாங்கக் காவல்துறைக்கே அந்த நிலை. துணைக் காவல் படைகள் மலேசியாவோடு நிற்காமல் 2017இலிருந்து தைவானிலும் ஆள் எடுக்கத் தொடங்கின. பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிற நாடு இது. 10 மணி நேரம் என்ற பேச்சு அந்தப் பென்சிலோடு முடிந்தது. எனக்கு இன்றைக்கும் அதில் வருத்தம்தான்.

வாக்கு வந்தது. இருபத்தெட்டு பேரில் பத்தொன்பது பேர் 12 பக்கம். நானும் அதில் ஒருத்தி.

முதல் நான்கு மாதம் நாங்கள் நினைத்தபடியே போனது. மகனோடு நீச்சல் குளத்துக்குப் போனேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தேக்காச் சந்தையில் கூட்டமே இல்லாமல் மீன் வாங்கினேன், இதைப் படித்துச் சிரிக்காதீர்கள், பதினான்கு வருடத்தில் அது எனக்குப் பெரிய விஷயம். ஒன்று மட்டும் ரோஸ்டர் தாளில் பார்த்தபோது தெரியாதது. இரண்டு நாள் ஆஃப் என்று எழுதியிருக்கும், உண்மையில் முதல் ஆஃப் என்பது இரவு ஷிஃப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வருகிற நாள். அந்த நாள் தூக்கத்துக்கே போய்விடும். மதியம் இரண்டுக்கு எழுந்து, தலை கனத்து, சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆஃப் இரண்டல்ல, ஒன்றும் பாதியும். ஒன்றும் பாதியுமாக இருந்தாலும் அது போதும் என்றிருந்தது.

அப்புறம் ஆள் போக ஆரம்பித்தது. மூன்று பேர் வேலையை விட்டார்கள், ஒருவர் மகப்பேறு விடுப்பு, இரண்டு பேர் நீண்ட எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு. இடத்தைக் காலியாக விட முடியாது. ஆஃப் நாளில் அழைப்பு வந்தது. "இன்னிக்கு மட்டும்" என்றார்கள், பிறகு வாரம் ஒரு முறை, பிறகு அதுவே பழக்கம். யாரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை, பணம் சட்டப்படி ஒன்றரை மடங்கு வந்தது. விரும்பித்தான் போனோம். வீட்டுக் கடன், துணைப்பாட வகுப்புக் கட்டணம், ஜோகூரில் கார் தவணை என்று எல்லாருக்கும் ஒரு காரணம் இருந்தது. நானும் போனேன்.

கணக்கை இங்கே மறுபடியும் போட வேண்டும். வேலை நியமனச் சட்டம் மாதத்துக்கு 72 மணி நேரம்வரை ஓடி பார்க்கலாம் என்கிறது. 8 மணி நேர ஷிஃப்டுக்காரருக்கு அது பதினெட்டு நாள் நான்கு நான்கு மணி நேரமாகப் பரவிக் கிடக்கும், களைப்பாக இருக்கும், ஆனால் இரண்டு ஆஃப் நாளும் கையில் இருக்கும். 12 மணி நேரக்காரருக்கு 72 என்றால் ஆறு முழு ஷிஃப்ட், ஆறு முழு ஆஃப் நாள் காலி. முப்பது நாள் மாதத்தில் பதினைந்து ஷிஃப்ட் போக இன்னும் ஆறு, மொத்தம் இருபத்தொன்று. 252 மணி நேரம். அதே சட்டம் ஷிஃப்ட் ஊழியர் ஒரு நாளைக்கு 12 மணி நேரம்வரை வேலை பார்க்கலாம், மூன்று வாரச் சராசரி வாரத்துக்கு 44ஐத் தாண்டக்கூடாது என்றும் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் வேலை நேர விதிகள் குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்குகிறவர்களுக்குப் பொருந்தாது, அரசாங்க ஊழியர்கள் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இல்லை. பயண நேரத்தை எந்தச் சட்டமும் எண்ணுவதில்லை.

ஓடிக்கு அழைத்தால் பெரும்பாலும் இரவுக்குத்தான் அழைப்பார்கள், பகலுக்கு ஆள் கிடைத்துவிடும். அதனால் ஒரு இரவு மட்டும் இருக்க வேண்டிய சுற்றில் அடுத்தடுத்து இரண்டு இரவு வந்தது. ஷிஃப்ட் வேலையும் விபத்தும் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஃபோல்கார்டு என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரின் கணக்கை மகள் எடுத்துக் காட்டினாள். 8 மணி நேரத்தோடு ஒப்பிட்டால் 12 மணி நேர ஷிஃப்டில் விபத்துக்கான வாய்ப்பு ஏறக்குறைய 28 விழுக்காடு அதிகம். தொடர்ந்து வரும் இரவுகளில் இரண்டாவது இரவில் 6 விழுக்காடு, மூன்றாவதில் 17, நான்காவதில் 36 என்று ஏறுகிறது. இன்னொன்று ஆஸ்திரேலியாவில் டாசனும் ரீடும் செய்தது, 1997இல் நேச்சர் இதழில் வந்தது. 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கைநிதானம் இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவருடையதைப் போல இருந்ததாம், 24 மணி நேரம் விழித்திருந்தால் 0.10 விழுக்காட்டைப் போல. சிங்கப்பூரில் வண்டி ஓட்டுகிறவருக்கு வரம்பு 0.08.

தெப்ராவ் அண்ணனின் ஒரு இரவு ஷிஃப்ட் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கு எழுகிறார், பிள்ளைகள், வீடு, பகலில் தூக்கம் வருவதில்லை. நாலரைக்குக் கிளம்பி ஆறரைக்கு ஆயுதம் வாங்கி, ஏழிலிருந்து ஏழு. ஒப்படைத்துக் கையெழுத்துப் போட ஏழரை. பிறகு பைக். வீட்டில் படுக்கும்போது இருபத்தைந்து மணி நேரம் விழித்திருப்பார். குடித்திருந்தால் அவரை நாங்களே சாவியை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பாமல் இருந்திருப்போம். தூக்கம் என்பதால் "பார்த்துப் போங்கண்ணே" என்று கையசைத்து அனுப்பினோம்.

விழுந்தார். வாரக்கணக்கில் ஆஃப் நாளை விற்றுக்கொண்டிருந்த ஒரு மாதத்தில், இரண்டாவது இரவு முடிந்த காலை, உட்லண்ட்ஸ் பக்கம் சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தபோதே கண் சொருகி, பைக்கோடு அப்படியே சாய்ந்துவிட்டார். நின்ற வண்டி. முழங்கையில் தோல் போனது, கண்ணாடி உடைந்தது, பின்னால் வந்த லாரிக்காரர் நிறுத்திவிட்டார். அவ்வளவுதான். நகர்ந்துகொண்டிருந்த வண்டியாக இருந்திருந்தால் என்று நான் எழுதப் போவதில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. எம்சி எடுத்தால் ஓடி போய்விடும் என்று அடுத்த ஷிஃப்டுக்கு வந்துவிட்டார். முழங்கையை மடக்க முடியாமல் ரிவால்வரை உறையில் போடத் தடுமாறியதைப் பார்த்துத்தான் நான் கேட்டேன். அன்றைக்கு அவர் பர்ஸிலிருந்து அந்த நாப்கின் தாளை எடுத்து மேசையில் வைத்தார். 91 என்ற எண் பாதி அழிந்திருந்தது. "இதுல பாதியை நானே வித்துட்டேன் தங்கச்சி" என்றார்.

இதனால் 12 மணி நேரத்துக்கு எதிராக நான் மாறிவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். இன்றைக்கு மறுபடியும் தாள் வந்தாலும் 12 பக்கம்தான் குறிப்பேன். என் மகனோடு கிடைத்த செவ்வாய்க்கிழமைகளை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்தத் தாளில் கேள்வியே அரைகுறையாக இருந்தது என்று சொல்கிறேன். 12 மணி நேரம் நில் என்பது ஒப்பந்தத்தின் ஒரு பாதி, இரண்டு நாள் உன்னைக் கூப்பிட மாட்டேன் என்பது மறுபாதி. முதல் பாதி எழுத்தில் இருக்கிறது. மறுபாதி எங்கேயும் எழுத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது, ஆள் குறைந்த அன்றைக்குப் பழக்கம் போய்விடுகிறது. 8 மணி நேர முறையில் ஆஃப் நாளைத் தொட்டால் அதன் அருமை அவ்வளவு தெரியாது. 12இல் அந்த நாள்தான் மருந்து. உடம்பு பன்னிரண்டு மணி நேரம் தாங்குவதே அடுத்து நாற்பத்தெட்டு மணி நேரம் வருகிறது என்ற நம்பிக்கையில்தான்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறக்குறைய 5,000 போலிஸ்காரர்களைப் பரிசோதித்து 2011இல் வெளிவந்த ஆய்வில் 40 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு தூக்கக் கோளாறு இருந்ததாம். எங்களை யாரும் அப்படிப் பரிசோதித்தால் என்ன வரும் என்று அபாங் கேட்டார். அவர் இப்போது பகல் மட்டும் உள்ள வேறு இடத்துக்குப் போய்விட்டார். அவர் சொன்ன அந்தக் கடைசி நான்கு மணி நேரம் பற்றி நான் அன்றைக்கு வாதாடியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்த மறுஆய்வுக் கூட்டத்தில் நானும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து எழுதிக் கொடுக்கப் போகிறோம். ஒரு மாதத்தில் யாரிடமிருந்தும் இரண்டு ஆஃப் நாளுக்கு மேல் வாங்கக்கூடாது, அவரே கேட்டாலும் கொடுக்கக்கூடாது. அந்த 'அவரே கேட்டாலும்' என்பதுதான் எங்களுக்குள்ளேயே சண்டையைக் கிளப்பியிருக்கிறது. பணம் வேண்டியவர்கள் என் வாயைப் பார்க்கிறார்கள், என் வீட்டுக்கே அந்தப் பணம் வேண்டியிருக்கிறது. இருந்தாலும் மாற்ற மாட்டேன். இரவு ஷிஃப்டுக்கு அடுத்த நாளே இன்னொரு இரவு கூடாது. இரவு முடிந்து பைக் ஓட்டுகிறவர்களுக்குப் படுக்க ஓர் அறை வேண்டும், மெத்தை வேண்டாம், ஒரு நீள நாற்காலியும் இருட்டும் போதும். பால் எடுக்கும் பெண்ணுக்கு மூன்று ரிலீஃப் ரோஸ்டரிலேயே எழுதப்பட வேண்டும், அவள் ஒவ்வொரு முறையும் கெஞ்சக்கூடாது.

அறைக்கு இன்னும் அனுமதி வரவில்லை. அதுவரை உடைமாற்றும் அறைக்குப் பின்னால் பழைய பெட்டிகள் வைக்கும் இடத்தைச் சுத்தம் செய்து நான்கு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டிருக்கிறோம். இரவு முடிந்த காலைகளில் தெப்ராவ் அண்ணன் அங்கே ஒரு மணி நேரம் படுத்துவிட்டுத்தான் சாவியைத் தொடுகிறார். விழுந்த பிறகு அவர் மனைவியிடம் என் எண்ணைக் கொடுத்திருந்தேன். நேற்றுக் காலை ஏழே முக்காலுக்கு அவரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது, கிளம்பிட்டாரா என்று. இன்னும் தூங்குகிறார் அண்ணி, எழுப்பட்டுமா என்று அனுப்பினேன். வேண்டாம், எட்டரைக்கு எழுப்புங்க, நான் சோறு லேட்டா வடிச்சுக்கறேன் என்று பதில் வந்தது.